டர்பைன் பிளேடு வரிசையில் காற்று இழக்கும் அழுத்தத்தை அளப்பது எப்படி: முதல் முறை அளப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பொறியியல் முடித்துவிட்டு மேற்படிப்புக்கோ ஆய்வுப் பணிக்கோ பெங்களூரு வந்து, குறைவேகக் காற்றுச் சுரங்கத்தில் டர்பைன் பிளேடு வரிசையொன்றை முதன்முறையாகச் சோதிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீட்டர் அளவில் இருக்கும் சோதனைகளுக்கே இது பொருந்தும். ஒலிவேகத்தை நெருங்கும் சோதனைகளுக்குக் கணக்கும் கருவியும் வேறு.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல, வேலைகளைச் செய்யும் வரிசையில்தான். பிளேடுகள் பட்டறையிலிருந்து வந்த அன்றே சுரங்கத்தை ஓட்டிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இங்கே அளக்கப்படுவது இரண்டு பெரிய அழுத்தங்களுக்கு இடையேயுள்ள மிகச் சிறிய வித்தியாசம். அதனால் முதல் அளவு எடுப்பதற்கு முன் செய்யத் தவறிய ஒன்றைப் பின்னர் கணினியில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது.

1. எந்த இழப்பு, எதனால் வகுத்தது என்று முதலில் எழுதி வையுங்கள்

காற்றின் நிலை அழுத்தமும், வேகத்தால் வரும் இயக்க அழுத்தமும் சேர்ந்ததே மொத்த அழுத்தம். பிளேடு வரிசைக்குள் நுழையும் காற்றின் மொத்த அழுத்தத்திலிருந்து வெளியேறும் காற்றின் மொத்த அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது இழப்பு. அதை ஓர் இயக்க அழுத்தத்தால் வகுத்தால் இழப்புக் கெழு கிடைக்கும். எந்த இயக்க அழுத்தத்தால் வகுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

டர்பைன் பிளேடுகளுக்கிடையே காற்று முடுக்கப்படுகிறது. வெளியேறும் வேகம் நுழையும் வேகத்தைப் போல் இரு மடங்கு என்றால், வெளியேறும் இடத்து இயக்க அழுத்தம் நான்கு மடங்காக இருக்கும். ஆகவே ஒரே அளவீட்டை ஒருவர் 0.04 என்றும், நுழைவு இயக்க அழுத்தத்தால் வகுத்த இன்னொருவர் 0.16 என்றும் எழுதலாம், இருவர் எழுதியதும் சரியே. தன் பிளேடு மோசமாக இருக்கிறது என்று எண்ணி இரண்டு வாரம் சுரங்கத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாணவரின் சிக்கல், அவர் ஒப்பிட்ட கட்டுரையின் வரையறையைப் படித்துப் பார்த்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

நடு உயரத்தில் மட்டும் அளக்கப் போகிறீர்களா, பிளேடுகளின் முனைகளை மூடும் முனைச்சுவர் வரை முழுப் பரப்பையும் அளக்கப் போகிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நடு உயர அளவீடு, பிளேடின் வடிவத்தால் ஏற்படும் இழப்பை மட்டும் தரும். முனைச்சுவர் அருகே உருவாகும் சுழல்களால் ஏற்படும் இழப்பும் வேண்டுமென்றால், நுழைவிலேயே சுவரை ஒட்டி மெதுவாக வரும் காற்றுப் படலமான எல்லை அடுக்கின் இழப்பைத் தனியாக அளந்து மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டியிருக்கும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

காற்றின் அழுத்தத்தையும் திசையையும் அளக்க நுனியில் ஐந்து துளைகள் கொண்ட ஐந்துதுளை புரோப், அதைப் புள்ளிக்குப் புள்ளி நகர்த்தும் டிராவர்ஸ் (அப்படி நகர்த்தி அளக்கும் ஒரு சுற்றையும் டிராவர்ஸ் என்றே சொல்வோம்), நுழைவில் நிலையாக நின்று மொத்த அழுத்தத்தை அளக்கும் பிட்டோ குழாய், அறையின் உண்மையான காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர், சுரங்கக் காற்றின் வெப்பநிலை காட்டும் உணரி, அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் டிரான்ஸ்டியூசர்கள் வேண்டிய அளவு, மெல்லிய சிலிக்கான் குழாய்கள். குழாய் இணைப்பிகள் பெங்களூருவின் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கவில்லையென்றால் நியூமாட்டிக் பொருள்கள் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

இவற்றில் நின்று யோசிக்க வேண்டியது டிரான்ஸ்டியூசரின் வீச்சு. வெளியேறும் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 1,325 பாஸ்கல் என்றும், நீங்கள் தேடும் இழப்பு அதில் 4 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது நீங்கள் தேடுவது வெறும் 53 பாஸ்கல். முழு வீச்சில் 0.1 சதவீதப் பிழையுள்ள 7 கிலோபாஸ்கல் டிரான்ஸ்டியூசர்கள் இரண்டைக் கொண்டு நுழைவையும் வெளியேற்றத்தையும் தனித்தனியே அளந்து கழித்தால், ஒவ்வொன்றும் 7 பாஸ்கல் தவறலாம். இரண்டு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறக்குறைய 10 பாஸ்கல், அதாவது தேடும் அளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

அதற்குப் பதிலாக, 1.25 கிலோபாஸ்கல் வீச்சுள்ள ஒரே வேறுபாட்டு டிரான்ஸ்டியூசரின் ஒரு வாயில் நுழைவுப் பிட்டோவையும் மறுவாயில் புரோப்பின் நடுத்துளையையும் இணைத்தால், அதே தரமுள்ள கருவியின் பிழை 1.25 பாஸ்கலாகச் சுருங்குகிறது. கழித்தலைக் கணினியிடம் விடாமல் கருவியையே செய்ய வைப்பது, இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா யோசனைகளிலும் செலவு குறைந்தது, பயன் மிகுந்தது.

3. பெங்களூருவின் காற்றுக்குக் கணக்குப் போடுங்கள்

பாடநூல்களில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று இருக்கும். அது கடல்மட்டத்துக்கு அருகிலுள்ள சென்னைக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கலை ஒட்டியே நிற்கும். 26 டிகிரி வெப்பத்தில் அடர்த்தி சுமார் 1.06 தான். 1.2 என்று வைத்துக் கணக்கிட்டால் வேகம் 6 சதவீதம் குறைவாகத் தெரியும், காற்றின் நிலைம விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண்ணும் தவறும்.

இங்கே மிக அடிக்கடி நிகழும் பிழை ஒன்று உண்டு. பாரோமீட்டரைத் தேடிப் போகச் சோம்பி, கைபேசியின் வானிலைச் செயலி காட்டும் 1013 அல்லது 1015 ஹெக்டோபாஸ்கல் (அதாவது 101 கிலோபாஸ்கலுக்கு மேல்) என்ற எண்ணை எடுத்து எழுதிவிடுவார்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படும் அழுத்தம், உங்கள் அறையில் உள்ள அழுத்தம் அன்று. குறிப்பேட்டில் காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கலுக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கத்தை உடனே சந்தேகியுங்கள்.

வெப்பநிலையும் நாள் முழுவதும் ஒன்றாக இருக்காது. ஏப்ரல் மாதக் காலையில் 22 டிகிரியாக இருந்த காற்று பிற்பகலில் 33 டிகிரியைத் தொடும்போது அடர்த்தி மூன்றரை சதவீதம் குறைந்துவிடும். அறைக் காற்றையே இழுத்து அறைக்குள்ளேயே விடும் சுரங்கமாக இருந்தால் மோட்டாரின் சூடும் இதில் சேரும். ஆகவே காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் காலையில் ஒருமுறை எழுதிவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு டிராவர்ஸின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதுங்கள்.

கடலோர நகர ஆய்வுக்கூடமொன்றின் முடிவோடு ஒப்பிடுவதாக இருந்தால், வேகத்தைச் சமமாக வைக்காமல் ரெனால்ட்ஸ் எண்ணைச் சமமாக வையுங்கள். அதற்கு இங்கே வேகத்தை ஏறக்குறைய 11 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். ரெனால்ட்ஸ் எண் குறையும்போது பிளேடின் முதுகுப்புறத்தில் எல்லை அடுக்கு பிரிந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப் பிரிந்தால் இழப்பு படிப்படியாகக் கூடாமல் சட்டென்று எகிறும்.

4. பிளேடுகளை அளந்து பொருத்துங்கள்

பீன்யா தொழிற்பேட்டையில் கடைந்து வந்த பிளேடாயினும் முப்பரிமாண அச்சில் வார்த்ததாயினும், பொருத்துமுன் ஒவ்வொன்றின் பின்விளிம்புத் தடிமனையும் மைக்ரோமீட்டரால் மூன்று உயரங்களில் அளந்து எழுதுங்கள். பின்விளிம்பு தடித்தால் வேக் அகலும். வேக் என்பது பின்விளிம்புக்குப் பின்னால் இழுபட்டு வரும் மந்தமான காற்றுப் பட்டை. அச்சில் வார்த்த பிளேடின் அடுக்குக் கோடுகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்காமல் சோதித்தால், நீங்கள் அளப்பது அச்சு இயந்திரத்தின் சொரசொரப்பைத்தான்.

பொருத்திய பிறகு இரண்டு பிளேடுகளுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய வாயை, அதாவது தொண்டையை, ஒவ்வொரு பாதையிலும் அளவுக்கட்டையால் சோதியுங்கள். பிளேடு இடைவெளி 40 மி.மீ., தொண்டை 15 மி.மீ. என்றால் வெளியேறும் கோணம் 68 டிகிரிக்கு அருகில் இருக்கும். தொண்டையில் 0.15 மி.மீ. மாறினால் கோணம் கால் டிகிரி நகரும், அந்தப் பாதையில் ஓடும் காற்றின் அளவும் 1 சதவீதம் மாறும். பிளேடுகளை இறுக்கும் திருகுகளை ஒரே ஓரத்திலிருந்து தொடங்கி இறுக்கிக்கொண்டு போனால் கடைசிப் பாதைகளில் இந்த வித்தியாசம் சேர்ந்துவிடும். நடுவிலிருந்து இருபுறமும் மாற்றி மாற்றி இறுக்குவது நல்லது.

5. நடுப் பாதைகள் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றனவா என்று பாருங்கள்

உண்மையான டர்பைனில் பிளேடுகள் வட்டமாக நிற்பதால் ஒவ்வொரு பாதையும் அடுத்ததைப் போலவே இருக்கும். நம்மிடம் இருப்பதோ ஏழோ ஒன்பதோ பிளேடுகள் கொண்ட நேர்வரிசை. இரு ஓரங்களிலும் சுவர் இருப்பதால் ஓரப் பாதைகளின் காற்று நிச்சயம் கெடும். அந்தக் கேடு நடுப் பாதைகளை எட்டவில்லை என்று காட்டாத வரை, அங்கே எடுத்த அளவை டர்பைன் பிளேடின் இழப்பு என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

நடு உயரத்தில் மூன்று இடைவெளி தூரத்துக்குப் புரோப்பை நகர்த்தி, நடுவிலுள்ள மூன்று பிளேடுகளின் வேக்குகளை வரைந்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். அவற்றின் ஆழமும் அகலமும் ஒத்துப்போக வேண்டும். வேக்குகளுக்கு இடையேயுள்ள காற்றின் கோணம் பாதைக்குப் பாதை 1 டிகிரிக்கு மேல் மாறினால் நான் மேலே போக மாட்டேன்.

ஒத்துப்போகவில்லையென்றால் வரிசையின் ஓரத்தில் இருக்கும் வால்பலகையின் கோணத்தையும், ஓரச்சுவரில் காற்றை வெளியேற்றும் பிளவின் அகலத்தையும் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒரே பாதையைப் பாதிக்கும். இந்தக் கட்டத்துக்கு ஒரு வாரம் ஆகலாம். அந்த வாரத்தை வீணென்று கருதி அவசரப்பட்டவர்கள் எல்லோரும் பிற்பாடு இதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

6. நுழையும் காற்றை அளந்து வையுங்கள்

பிளேடுகளுக்கு ஓர் அச்சு நாண் தூரம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை டர்பைனின் அச்சுத்திசையில் உள்ள நீளம்) முன்னால், வேகமும் கோணமும் இடைவெளி முழுவதும் சீராக உள்ளனவா என்று அளக்க வேண்டும். முனைச்சுவரை ஒட்டிய எல்லை அடுக்கின் தடிமனையும் இங்கேதான் அளக்கிறோம்.

கொந்தளிப்பின் அளவை, அதாவது வேகம் கணத்துக்குக் கணம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை, சூடேற்றிய மெல்லிய கம்பியால் அளக்கும் ஹாட்வயர் கொண்டு அளந்து எழுதுங்கள். கொந்தளிப்பு குறைந்த தூய காற்றில் சோதித்த பிளேடும், முன்னால் கம்பிவலை வைத்துக் கொந்தளிப்பைக் கூட்டிச் சோதித்த அதே பிளேடும் வேறு வேறு இழப்பைத் தரும். இந்த எண் இல்லாத முடிவை யாரும் வேறெதனோடும் ஒப்பிட முடியாது.

7. ஐந்துதுளை புரோப்பின் காலிபரேஷன்

இதைச் சோதனைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்கள் உண்டு. இடையில் புரோப்பின் நுனி ஒருமுறை எங்காவது உரசிவிட்டால் அதுவரை எடுத்த அளவுகள் அனைத்துக்கும் அடிப்படை போய்விடும். முன்பே செய்யுங்கள், முடிந்தபின் சில கோணங்களில் மட்டும் மறுபடி சரிபாருங்கள்.

வேகமும் திசையும் தெரிந்த சீரான காற்றுத்தாரையில் புரோப்பை வைத்து, பக்கக் கோணத்தையும் மேல்கீழ்க் கோணத்தையும் 30 டிகிரி வரை இருபுறமும் 5 டிகிரிப் படிகளில் மாற்றிக்கொண்டே ஐந்து துளைகளின் அழுத்தத்தையும் பதிவு செய்யுங்கள். நடுத்துளை அழுத்தத்திலிருந்து நான்கு பக்கத் துளைகளின் சராசரியைக் கழித்த எண்ணால் மற்ற வித்தியாசங்களை வகுத்தால் நான்கு கெழுக்கள் கிடைக்கும்: இரண்டு கோணங்களுக்கு, ஒன்று மொத்த அழுத்தத்துக்கு, ஒன்று நிலை அழுத்தத்துக்கு. தாரையின் வேகம் சோதனையில் புரோப் சந்திக்கப்போகும் வேகத்துக்கு அருகில் இருக்கட்டும்.

மிகுதியாகக் காணப்படும் பிழை கோணத்தின் குறி. காலிபரேஷன் மேடையில் வலம் நேர்மறை என்று வைத்துக்கொண்டு, சுரங்கத்தில் புரோப்பைத் தலைகீழாகச் செருகினால் எல்லாக் கோணமும் திரும்பிவிடும். புரோப்பின் தண்டில் அழியாத மையால் ஓர் அம்புக்குறி போட்டு, துளைகளின் எண்களைக் குழாய்களிலும் டிரான்ஸ்டியூசர் வாய்களிலும் ஒட்டிவையுங்கள். சுரங்கத்தில் பொருத்தியதும், தண்டைக் கையால் 5 டிகிரி திருப்பி, கணினி அதே 5 டிகிரியை அதே குறியோடு காட்டுகிறதா என்று பாருங்கள்.

8. கசிவு, அடைப்பு, காத்திருப்பு

ஒவ்வொரு துளையையும் களிமண்ணால் அடைத்து, மறுமுனையில் மெல்ல அழுத்தம் கொடுத்து, ஒரு நிமிடம் அது அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு குழாய் மடிப்பில் இருந்த மயிரிழை வெடிப்பு எங்களுக்கு மூன்று வார அளவீட்டைத் தின்றது. கசிவுள்ள துளை பூச்சியத்தைக் காட்டாது, நம்பும்படியான ஒரு தவறான எண்ணைக் காட்டும். அதனால்தான் அது எளிதில் பிடிபடுவதில்லை.

கட்டுமானத் தூசி மிகுந்த இந்த நகரத்தில் அரை மில்லிமீட்டர் துளை அடைபடுவது வாடிக்கை. ஊதுவிசிறியின் வாயில் வடிகட்டி போடுங்கள். அடைபட்டால் குழாயை டிரான்ஸ்டியூசரிலிருந்து கழற்றிய பிறகே பின்புறமிருந்து உலர்ந்த காற்றை ஊதுங்கள், இல்லையென்றால் டிரான்ஸ்டியூசரின் மெல்லிய தகடு கிழிந்துவிடும்.

மெல்லிய குழாயில் அழுத்தம் நிலைபெறச் சில வினாடிகள் ஆகும். புரோப்பைத் தூய காற்றிலிருந்து வேக்கின் நடுவுக்கு ஒரே மூச்சில் நகர்த்தி, எண் அசையாமல் நிற்கும் வரை எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். மூன்று என்றால் ஐந்து வினாடி காத்திருங்கள்.

9. டிராவர்ஸ்

அளக்கும் தளம் பின்விளிம்பிலிருந்து எத்தனை அச்சு நாண் தொலைவில் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதுங்கள். வேக்கும் சுழல்களும் பின்னே போகப் போகக் கலந்துகொண்டே இருப்பதால், கால் நாண் தொலைவில் அளந்த இழப்பைவிட அரை நாண் தொலைவில் அளந்தது கூடுதலாகவே இருக்கும்.

வேக் உள்ள இடத்தில் 1 மி.மீ. படிகளும், இடையிலுள்ள தூய காற்றில் 3 மி.மீ. படிகளும் போதும். உயரவாக்கில் 21, இடைவெளிவாக்கில் 31 என்று வைத்தால் 651 புள்ளிகள். காத்திருக்க 5, பதிவு செய்ய 3, நகர 2 வினாடி என்று புள்ளிக்கு 10 வினாடி ஆனால் ஒரு டிராவர்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இவ்வளவு நேரத்தில் சுரங்கத்தின் வேகமும் அறையின் சூடும் மாறும் என்பதால், நுழைவுப் பிட்டோவின் அழுத்தத்தை ஒவ்வொரு புள்ளியிலும் அதே கணத்தில் பதிவு செய்ய வேண்டும். டிரான்ஸ்டியூசரின் பூச்சியத்தையும் காற்று நின்றிருக்கும்போது முன்னும் பின்னும் எழுதுங்கள்.

திருகுக் கம்பியில் தளர்வு இருக்கும். ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் அளந்தால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் வரைபடத்தில் வேக் வரிக்கு வரி ரம்பப்பல் போல ஆடும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து புள்ளியை அணுகுங்கள்.

சுவரிலிருந்து இரண்டு புரோப் விட்டத்துக்குள் எடுத்த அளவுகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். புரோப்புக்கும் சுவருக்கும் இடையே காற்று நெருக்கப்படுவதால் அங்கே கோணமும் நிலை அழுத்தமும் நம்பத்தக்கவை அல்ல.

10. கணக்கு

முதலில் ஒரு திருத்தம். வேக்கின் சரிவில் இடத்துளை ஓர் அழுத்தத்தையும் வலத்துளை வேறோர் அழுத்தத்தையும் சந்திப்பதால், காற்று திரும்பாத இடத்திலும் திரும்பியதுபோல் தெரியும். வேக்கின் ஒரு பக்கத்தில் நேர்மறையாகவும் மறுபக்கத்தில் எதிர்மறையாகவும் கோணம் துள்ளினால் அது இந்தப் பொய்த்தோற்றம்தான். ஒவ்வொரு துளையின் அளவையும் அது உண்மையில் இருந்த இடத்துக்கு உரியதாக வைத்து, நடுப்புள்ளிக்கு இடைமதிப்புக் கண்ட பிறகே கெழுக்களைக் கணக்கிடுங்கள்.

அடுத்து சராசரி. 651 புள்ளிகளின் எண்களை வெறுமனே கூட்டி வகுத்தால் பரப்புச் சராசரி வரும், அது தவறு. வேக்கில் காற்று மெதுவாகப் போவதால் அங்கே கடந்து செல்லும் நிறையும் குறைவு. பரப்புச் சராசரி அந்த மந்தமான பகுதிக்கு அதற்குரியதைவிட மிகுந்த எடை கொடுத்து இழப்பை ஊதிக் காட்டும். ஒவ்வொரு புள்ளியையும் அங்குள்ள அச்சுத்திசை வேகத்தாலும் அந்தப் புள்ளிக்குரிய பரப்பாலும் பெருக்கியே சராசரி காண வேண்டும். படிகள் சமமாக இல்லாததால் பரப்பு புள்ளிக்குப் புள்ளி மாறும். மேலும், அளந்த அகலம் துல்லியமாக ஓர் இடைவெளி ஆக இருக்க வேண்டும், முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் பாதி எடை பெற வேண்டும். இதை மறந்தால் ஒரு வேக்கின் ஓரம் இரண்டு முறை எண்ணப்படும்.

11. எண்ணை வெளியே சொல்லுமுன்

நடு உயரத்தில், இரண்டு வேக்குகளுக்கு நடுவே உள்ள தூய காற்றில் இழப்பு என்ன வருகிறது என்று பாருங்கள். எல்லை அடுக்கைத் தொடாமல் வந்த காற்று எதையும் இழந்திருக்காது, ஆகவே அங்கே பூச்சியம் வர வேண்டும். 0.01 என்று வந்தால் அந்த 0.01 உங்கள் முழு முடிவிலும் ஒளிந்திருக்கிறது. எதிர்மறையாக வந்தால் நுழைவுப் பிட்டோ சுவரின் எல்லை அடுக்குக்குள் நிற்கிறதா, பூச்சியம் நகர்ந்ததா என்று தேடுங்கள். அந்த எண்ணைக் கழித்து வரைபடத்தை அழகாக்குவது எளிது, அதைச் செய்யாதீர்கள்.

ஓர் இடைவெளிக்குள் நுழைந்த நிறையும் வெளியேறிய நிறையும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கோணத்தின் பூச்சியமோ நிலை அழுத்தக் கெழுவோ தவறியிருக்கும்.

கடைசியாக, புரோப்பை முழுவதும் கழற்றி, வேறொரு நாள் மறுபடி பொருத்தி, நடு உயர வரியை மட்டும் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரே நாளில் பத்துமுறை அளந்தால் தெரியாத பொருத்துதல் பிழை இந்த ஒருமுறையில் தெரிந்துவிடும். இரண்டு நாள் எண்களையும் அவற்றின் வித்தியாசத்தையும், வகுத்த இயக்க அழுத்தம் எது, தளம் எங்கே, ரெனால்ட்ஸ் எண், கொந்தளிப்பு, நுழைவு எல்லை அடுக்கின் தடிமன் ஆகியவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை வரைபடங்களுக்கு முன்னால் கோத்து வையுங்கள்.